பேரிடர் களத்துக்கு ஹாம் ரேடியோ: கணக்கு பேட்டரியில் தொடங்குகிறது

ஹாம் ரேடியோ என்பது தனிநபர்கள் உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக இயக்கும் அமெச்சூர் ரேடியோ. புதிதாக உரிமம் பெற்றவர்கள் பேரிடர்ப் பணிக்குப் பை தயார் செய்யும்போது முதலில் கேட்பது, "எந்த ரேடியோ வாங்கலாம்?" என்றுதான். களத்தில் ரேடியோ அவ்வளவு சீக்கிரம் கைவிடாது. பேட்டரி தீரும், கேபிளில் தண்ணீர் இறங்கும், எழுதி வைக்காத செய்தி மாறிப்போகும். ஆகவே பேட்டரியிலிருந்தே வருவோம்.

100 வாட் எச்.எஃப். ரேடியோ (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்வரையில் பேசும் வகை) ஒன்று, வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும்போதே சுமார் 1 ஆம்பியர் இழுக்கும். பேசும்போது உச்சத்தில் 20 ஆம்பியர். எச்.எஃப்.-இல் குரலுக்கு வழக்கமான எஸ்.எஸ்.பி. முறையில் சராசரி 8 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்குப் பத்து நிமிடம் பேசி, மீதி ஐம்பது நிமிடம் கேட்டால் மணிக்குச் சுமார் 2.2 ஆம்பியர்-மணி, ஒரு நாளைக்கு 50-க்கு மேல். இதையே 10 வாட் சிறிய ரேடியோவில் செய்தால், கேட்பதற்கு 0.35 ஆம்பியர், பேச உச்சத்தில் 2.5 ஆம்பியர் அளவில்தான் ஆகும். நாளுக்கு 12 ஆம்பியர்-மணி போதும். 100 வாட்டுக்கும் 10 வாட்டுக்கும் வித்தியாசம் 10 டெசிபெல், அதாவது சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ்-மீட்டரில் இரண்டு புள்ளிக்கும் குறைவு. நல்ல ஆன்டெனா இருந்தால் பெரும்பாலான நேரம் அது உறைக்காது. ரேடியோ வாங்கும்போது எல்லோரும் வாட் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது, கேட்கும்போது எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்பதை. நாளின் பெரும்பகுதி கேட்பதில்தானே போகிறது?

லெட்-ஆசிட் பேட்டரியில் எழுதியிருக்கும் அளவில் பாதியைத்தான் நம்பலாம். அதற்குக் கீழே இறக்கினால் மின்னழுத்தம் சரியும், பேட்டரியின் ஆயுளும் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் அநேகமாக முழு அளவும் கிடைக்கும், எடையும் குறைவு. ஆனால் அதன் மின்னழுத்தம் கடைசிவரை ஒரே சீராக நின்று, பிறகு உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் சொல்லாமல் கொள்ளாமல் துண்டித்துவிடும். வோல்ட் மீட்டரைப் பார்த்து மீதியைக் கணிக்க முடியாது. ஆம்பியர்-மணியை எண்ணும் மீட்டர் ஒன்றை இடையில் போடுங்கள்.

இன்னொரு பழைய சிக்கல்: ரேடியோ நன்றாகக் கேட்கிறது, மைக்கை அழுத்திப் பேசினால் அணைந்து அணைந்து எரிகிறது. பேட்டரி போய்விட்டது என்று நினைப்பார்கள். பல சமயம் குற்றவாளி ஒயர்தான். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 3 மீட்டர் இழுத்தால், போக வர 6 மீட்டர். 20 ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 0.9 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். பெரும்பாலான ரேடியோக்கள் 13.8 வோல்ட்டிலிருந்து 15 சதவீதம்வரை, அதாவது 11.7 வரைதான் பொறுக்கும். ஒயரைக் குட்டையாக்குங்கள், அல்லது 6 சதுர மில்லிமீட்டருக்கு மாறுங்கள். ஃபியூஸ் பேட்டரி முனைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ரேடியோ பக்கத்தில் மட்டும் இருந்தால், நடுவில் ஒயர் நசுங்கி ஷார்ட் ஆகும்போது அது எதையும் காப்பாற்றாது. குழுவில் எல்லோரும் ஒரே வகை பவர் கனெக்டர் வைத்துக்கொள்வது என்று முன்பே முடிவு செய்துவிட்டால், ஒருவர் பேட்டரியில் இன்னொருவர் ரேடியோவை ஓட்டலாம்.

ஆன்டெனாவுக்கு வருவோம். நிவாரண வேலையில் தேவைப்படும் தொடர்பு பெரும்பாலும் 50 முதல் 400 கிலோமீட்டருக்குள் இருக்கும். கையில் பிடித்துப் பேசும் சிறிய ரேடியோவான ஹேண்டிக்கு இது எட்டாத தூரம். உயரத்தில் கட்டிய எச்.எஃப். ஆன்டெனாவோ இந்த ஊர்களையெல்லாம் தாண்டிப் போய் விழும். இதற்குக் கைகொடுப்பது தாழ்வாகக் கட்டிய டைபோல்: நடுவில் கேபிள், இரு பக்கமும் கைபோல நீளும் ஒயர். சிக்னல் ஏறக்குறைய செங்குத்தாக மேலே போய், வானில் உயரே உள்ள அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றுவட்டாரம் முழுக்கக் கீழே வரும். இடையில் மலை இருந்தாலும் பரவாயில்லை. 7 மெகாஹெர்ட்ஸுக்கு நடுப்பகுதி 5, 6 மீட்டர் உயரம் போதும். ஒரு மரமும் ஒரு கயிறும் இருந்தால் வேலை முடிந்தது.

நீளத்துக்கு 142.5-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள், மொத்த மீட்டர் வரும். 7.1-க்கு 20.07 மீட்டர், ஒரு கைக்கு 10.03. வெட்டும்போது 10.3 வைத்து, எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா ஏற்காமல் திரும்பி வரும் சக்தியைக் காட்டும் அளவு, குறைவாக இருந்தால் நல்லது) பார்த்துக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு கையிலும் 10 சென்டிமீட்டர் குறைத்தால் அதிர்வெண் சுமார் 70 கிலோஹெர்ட்ஸ் ஏறும். நுனியை வெட்டாமல் மடித்து முறுக்குங்கள். ஈரத் தரைக்கு மேலே, கட்டடத்தின் பக்கத்தில் என்று இடம் மாறும்போது அளவும் கொஞ்சம் நகரும், அப்போது பிரித்துக்கொள்ளலாம். பேசும்போது நுனிகளில் உயர் மின்னழுத்தம் இருக்கும். முகாமில் குழந்தைகள் ஓடுவார்கள், கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

பகலில் தெளிவாகக் கேட்ட பக்கத்து மாவட்ட நிலையம் இருட்டியதும் காணாமல் போகும். அதைப் பார்த்துப் பலர் ரேடியோவைப் பிரிக்கத் தொடங்குவார்கள். ரேடியோவில் ஒன்றுமில்லை. இரவில் அயனி மண்டலம் நலிவதால் 7 மெகாஹெர்ட்ஸ் நேர் மேலே போனால் திரும்புவதில்லை, தொலைதூரம் மட்டுமே பேசும். 3.5 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு இறங்க வேண்டும். அங்கே ஒரு கைக்கு 19.8 மீட்டர் தேவை. ஒவ்வொரு கையிலும் 10 மீட்டரில் ஒரு இன்சுலேட்டர், அதன் குறுக்கே கழற்றி மாட்டும் இணைப்பு, பிறகு இன்னொரு 9.8 மீட்டர் ஒயர் என்று அமைத்துவிட்டால் ஒரே ஆன்டெனா இரண்டுக்கும் ஆகும். எந்த நேரத்தில் மாறுவது என்பதை நெட்டில், அதாவது ஒரே அதிர்வெண்ணில் கூடிப் பேசும் குழுவில், உள்ள அனைவரும் முன்பே தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். தொடர்பு அறுந்த பிறகு மாறச் சொல்ல வழியில்லை.

முகாமுக்குள் பேச 2 மீட்டர் பட்டை. அதில் 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனா இப்படி: 49 சென்டிமீட்டர் செங்குத்துக் கம்பி, கீழே 51 சென்டிமீட்டரில் 45 டிகிரி சாய்த்த நான்கு கம்பிகள். ஹேண்டியின் ரப்பர் ஆன்டெனாவை விட இது எவ்வளவோ மேல். ஆனால் ஆர்ஜி-58 என்ற மெல்லிய ஆன்டெனா கேபிளில் 20 மீட்டர் இழுத்தால் இந்த அதிர்வெண்ணில் சுமார் 4 டெசிபெல் போய்விடும், 50 வாட் மேலே போய்ச் சேரும்போது 20 வாட். 7 மெகாஹெர்ட்ஸில் அதே கேபிள் ஏறத்தாழ 1 டெசிபெல்தான் தின்னும். தண்ணீர் புகுந்த கேபிள் இன்னும் மோசம்: இழப்பு கூடுவதால் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் நல்ல அளவைக் காட்டி ஏமாற்றும். திடீரென்று எஸ்.டபிள்யூ.ஆர். அழகாகிவிட்டால் சந்தேகப்படுங்கள்.

சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரை மட்டும் நம்பவும் வேண்டாம், அதற்கும் மின்சாரம் வேண்டும். நேரடியாகப் பேசும் அதிர்வெண்கள் எல்லா ஹேண்டியிலும் ஒரே வரிசை எண்ணில் இருக்கட்டும். கம்ப்யூட்டர் இல்லாமல் கையாலேயே அதிர்வெண்ணும் டோனும் (குரலுடன் போகும் அடையாள ஒலி; கேட்கும் பக்கத்தில் போட்டால் அது இல்லாத சிக்னல் காதில் விழாது) போடப் பழகுங்கள். "யாரும் பேசவில்லை" என்று புகார் வந்தால், முதலில் கேட்கும் பக்கத்தில் டோன் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சத்தம் அதிகமென்றால் ஜெனரேட்டரையும் சோலார் சார்ஜ் கன்ட்ரோலரையும் ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள், பெரும்பாலும் அவற்றில் ஒன்றுதான்.

இனி செய்தி. வாயால் சொன்னதை வாயாலேயே கடத்தினால் மூன்றாவது நிலையத்தில் அது வேறு செய்தி. எழுதுங்கள்: வரிசை எண், அவசர நிலை, நேரம், யாரிடமிருந்து, யாருக்கு, உள்ளடக்கம், சொற்களின் எண்ணிக்கை. வாங்கியவர் முழுவதும் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும், எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். எண்களை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள். இரைச்சலில் எழுபதும் எண்பதும் ஒன்றுபோலவே காதில் விழும். மருந்துப் பட்டியலில் அது விளையாட்டல்ல. மருத்துவர் எழுதியதைச் சுருக்குவதும் "புரியும்படி" மாற்றுவதும் நம் வேலையில்லை. அமெச்சூர் ரேடியோவில் பொருளை மறைக்கும் சங்கேதம் கூடாது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எனவே இறந்தவர் பெயர், நோயாளி விவரம் போன்றவற்றை வேறு வழி இருந்தால் ரேடியோவில் சொல்லாதீர்கள்.

அழைப்பில்லாமல் கிளம்பிப் போகாதீர்கள். சாப்பாடு, தண்ணீர், படுக்கை எல்லாம் மூன்று நாளைக்குக் கையில் இல்லாத தன்னார்வலர், நிவாரணம் தேவைப்படும் இன்னோர் ஆள். 2004 சுனாமியின்போது அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து ஹாம் பாரதி பிரசாத் குழுவினரால் உடனே தொடர்பு கொடுக்க முடிந்தது, அவர்கள் வேறு நோக்கத்துக்காக ஏற்கெனவே அங்கே நிலையம் அமைத்து இயக்கிக்கொண்டிருந்ததால்தான். வெளியே இருப்பவருக்கும் வேலை குறைவில்லை: மின்சாரமும் இணையமும் உள்ள வீட்டிலிருந்து, களத்தின் மெலிந்த சிக்னலைக் கேட்டு, எழுதி, உரிய அதிகாரியிடம் தொலைபேசியில் சேர்ப்பவர் வேண்டும். 14.300, 18.160, 21.360 மெகாஹெர்ட்ஸ் உலகளாவிய அவசரக் கூடல் அதிர்வெண்கள். பேரிடர் செய்தி வந்தால் முதலில் அங்கே கேளுங்கள், பேசாதீர்கள்.

ஒரு நிலையத்துக்குக் குறைந்தது இரண்டு பேர், 24 மணி நேரமென்றால் நான்கு. ஒருவர் பேசும்போது இன்னொருவர் எழுத வேண்டும். ஹெட்ஃபோன், பென்சில், நீர் புகாத தாள் ஆகியவை பையின் மேல் அறையில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டு மெயினை அணைத்து, பையில் உள்ளதை மட்டும் வைத்து ஆறு மணி நேரம் இயக்கிப் பாருங்கள். எந்த அடாப்டர் இல்லை என்பது முதல் அரை மணியிலேயே தெரிந்துவிடும்.