ஓடி முடித்த கால்களுக்கு இரண்டு வாளித் தண்ணீர்

நீண்ட தூரம் ஓடியவர்களும் இரண்டு மணி நேரம் பந்து விளையாடியவர்களும் வெந்நீரிலும் குளிர்ந்த நீரிலும் மாற்றி மாற்றிக் கால் வைக்கிறார்கள். முறையாகச் செய்தால் மறுநாள் உளைச்சல் குறைகிறது. "செய்து பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை" என்பவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் வரும்: குளிர்ந்த நீர் போதுமான அளவு குளிர்ந்திருக்காது.

வெந்நீர் 38 முதல் 40 டிகிரி செல்சியஸ், குளிர்நீர் 10 முதல் 15 டிகிரி. இந்த இடைவெளிதான் முக்கியம். சென்னையிலும் மதுரையிலும் மே மாத மதியத்தில் மொட்டை மாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீர் உடம்புச் சூட்டை நெருங்கிவிடும். அதை வாளியில் பிடித்துவிட்டு 'குளிர்நீர்' என்றால் காலுக்கு வித்தியாசமே தெரியாது. ஷவரில் மாற்றி மாற்றி நிற்பதும் சமவெளி ஊர்களில் இதனால்தான் பலிப்பதில்லை. டிசம்பரில் ஊட்டிக்காரர்கள் பெரும்பாலும் ஐஸ் தேட வேண்டியதில்லை. மற்றவர்கள் தேடத்தான் வேண்டும்.

எவ்வளவு ஐஸ்? வாளியில் 12 லிட்டர் தண்ணீர், 30 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 12 டிகிரிக்கு இறக்க 12 × 18, அதாவது 216 கிலோகலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு 80, உருகிய நீர் 12 டிகிரிக்கு ஏறுவதற்கு 12, ஆக 92 கிலோகலோரியை இழுத்துக்கொள்ளும். கணக்குக்கு 2.35 கிலோ, நடைமுறையில் இரண்டரைக் கிலோ. கால் வைத்ததும் காலின் சூடு தண்ணீருக்குப் போகும் என்பதால் அரைக் கிலோ தனியாகக் கையிருப்பில் இருக்கட்டும். சாதாரண ஐஸ் ட்ரே ஒன்றில் கால் கிலோ அளவுதான் தேறும், அதை நம்பினால் பத்து ட்ரே வேண்டும். ஒரு லிட்டர் பாட்டில்கள் மூன்றில் 850 மில்லி அளவுக்கு நீர் ஊற்றி முந்தின நாளே ஃப்ரீசரில் வைத்துவிடுவது சுலபம். முழுக்க நிரப்பினால் உறையும்போது விரிந்து பாட்டில் வெடித்துவிடும். பாட்டிலுக்குள் இருக்கும் ஐஸ் மெதுவாகத்தான் குளிரைக் கொடுக்கும். அதனால் அரை மணி நேரம் முன்பே வாளியில் போட்டு அவ்வப்போது கலக்கிவிடுங்கள். நேரம் இல்லையென்றால் உடைத்த ஐஸைக் கடையில் வாங்கி நேரடியாகக் கொட்டுவதே வழி.

வெந்நீர் விளாவுவது எளிது. 30 டிகிரியில் உள்ள பத்து லிட்டர் தண்ணீரில் கொதிநீர் ஒன்றே முக்கால் லிட்டர் ஊற்றினால் 40ஐ ஒட்டி நிற்கும். நடுவில் ஆறினால் காலை வெளியே எடுத்துவிட்டு அரை லிட்டர் கொதிநீர் சேர்த்துக் கலக்குங்கள், இரண்டு டிகிரி ஏறும். வாளியில் ஹீட்டர் ராடு போட்டுச் சூடாக்குகிறவர்கள் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராடை வெளியே எடுத்த பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். சூடு பார்க்க விரல் விட்டு உயிரை இழந்தவர்கள் உண்டு.

அளக்கத் தெர்மாமீட்டர் அவசியம். காய்ச்சல் பார்ப்பது உதவாது, குளிர்நீரின் அளவு அதில் கிடையாது. சமையலுக்கு விற்கும் குச்சி வடிவ டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். குளிர்நீரிலிருந்து எடுத்த காலுக்கு 38 டிகிரி நீரே சுடுவதுபோல் படும். 'கை பொறுக்கும் சூடு' என்பதோ ஆளுக்கு ஆள் மாறும். இரண்டையும் நம்பக் கூடாது.

உடற்பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் செய்வது நல்லது. முதலில் தண்ணீர் குடித்து, மூச்சும் வியர்வையும் அடங்கட்டும். பிறகு வெந்நீரில் ஒரு நிமிடம், குளிர்நீரில் ஒரு நிமிடம், இப்படி ஏழு சுற்று. கடைசிச் சுற்று குளிரில் முடியட்டும். வெயிலில் ஓடி உடம்பு கொதித்துக்கொண்டிருந்தால் வெந்நீரே வேண்டாம், குளிர்நீர் மட்டும் போதும். குளிர்நீரில் காலை அசைக்காமல் வைத்தால் தோலை ஒட்டி வெதுவெதுப்பான நீர்ப்படலம் ஒன்று தங்கிவிடும். கணுக்காலைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் அது கலையும், குளிர் உடனே கடிக்கும். பெருவிரல்தான் முதலில் வலிக்கும். பழைய சாக்ஸ் போட்டுக்கொண்டால் தாங்கலாம். பத்து டிகிரிக்குக் கீழே இறக்குவதால் கூடுதல் பலன் இல்லை, தோலுக்குத்தான் கேடு.

வாளி கெண்டைக்காலுக்கு மட்டுமே உதவும். தொடை மூழ்க 200 லிட்டர் டிரம் வேண்டும், அதற்கு ஐஸ் 35 கிலோவைத் தாண்டும். அணியாகச் சேர்ந்து செய்பவர்களுக்கு அது கட்டுப்படியாகும். அங்கே வெந்நீர் வைக்காமல், 10 முதல் 15 டிகிரி நீரில் ஒருவர் பத்து நிமிடம் இறங்கி நின்றாலே போதும்.

'பயிற்சியில் தசையில் சேர்ந்த லாக்டிக் அமிலம் வெளியேறிவிடும்' என்று பலரும் இதை விற்கிறார்கள். அந்த அமிலம் ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே குறைந்துவிடும். ஒன்று முதல் மூன்று நாள் வரை நீடிக்கும் உளைச்சலுக்குக் காரணம் தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதமும் அதையொட்டிய வீக்கமும். ஒரு நிமிடக் குளிர் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நரம்பின் வலி உணர்வை மந்தப்படுத்தும்; ஆழத்தில் உள்ள தசையின் வெப்பநிலை அதிகம் மாறாது. எனவே இது வலியைக் குறைக்கும் வழி, தசையைச் சீக்கிரம் குணமாக்கும் மருந்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மறுநாளும் ஆட்டம் இருக்கிறவர்களுக்கு அந்த நிவாரணமே பெரிது.

உடம்பு ஏற்ற எடை தூக்குகிறவர்களின் கணக்கு வேறு. 12 வாரம் நடத்திய ஆய்வொன்று 2015இல் வெளியானது. எடைப் பயிற்சி முடிந்த கையோடு பத்து நிமிடம் 10 டிகிரி நீரில் இறங்கியவர்களுக்குத் தசை வளர்ச்சியும் பலமும் குறைவாகவே கூடின. அதே பயிற்சிக்குப் பிறகு நீரில் இறங்காமல் லேசாக சைக்கிள் மிதித்தவர்கள் அவர்களை முந்தினார்கள். காலுக்கு எடைப் பயிற்சி செய்த நாளில் குளிர்நீரைத் தவிர்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் இதைத் தொடவே கூடாது, சுட்டாலும் தெரியாது. இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், குளிரில் விரல் வெளுத்துப்போகும் தொல்லை, கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்க வேண்டும். சுளுக்கிய முதல் இரண்டு மூன்று நாள் வெந்நீர் வேண்டாம், வீக்கம் கூடும். வலித் தைலம் தேய்த்த காலை வெந்நீரில் வைத்தால் எரிச்சல் தாங்காது.

ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ, கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ வாளியை ஒதுக்கிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முதலாவது ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியதாக இருக்கலாம். இரண்டாவது, தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கியிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம்.