பழைய ஓட்டில் செம்பருத்தி

எங்காவது பழைய வீடு பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், பூ வரைய ஓடு கேட்டுப் போய் நின்றுவிடுகிறேன். பெரும்பாலும் மங்களூர் ஓடுதான், சீமை ஓடு என்பார்களே, அது. மங்களூரில் பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ அமைப்பு 1865-ல் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் முத்திரையோடு ஒன்று கிடைத்தால் அன்று முழுக்கக் குஷி!

வரைவதைவிடக் கழுவுவதுதான் பெரிய வேலை. பாசி போகத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். சோப்பு வேண்டாம், சுட்டமண் குடித்துவிடும். அப்புறம் நல்ல வெயில். உள்ளே ஈரம் நின்றால் உப்புப் பூத்து பெயிண்ட் உரிந்து வந்துவிடும்.

இப்போது கையில் இருப்பது செம்பருத்தி. ஓட்டின் நடுவே ஓடும் வரப்பையே காம்பாக்கிவிட்டேன், இதழ்கள் இரண்டு பக்கப் பள்ளத்திலும் விரிகின்றன. பூ வரும் இடத்துக்கு மட்டும் பிரைமர், மேலே அக்ரிலிக், கடைசியில் மேட் வார்னிஷ். முழு ஓட்டுக்கும் வெள்ளையடித்துவிட்டு வரைகிறார்கள் சிலர். அந்தச் சிவப்பே தெரியாவிட்டால் பலகையில் வரைந்துவிட்டுப் போகலாமே! முத்திரை மேல் தூரிகை படவே படாது, அது என் பிடிவாதம்.

அடுத்து சங்குப்பூ. அந்த நீலம் இந்தச் சிவப்பில் எடுபடுமா, பார்க்கணும்.

யார் வீட்டிலாவது ஓடு பிரித்தால் ஒரு வார்த்தை சொல்லுங்க. மூலை உடைந்ததும் பரவாயில்லை.