34 ஜிபி காலியாக இருந்தும் 32 ஜிபி கிடைக்காத இரவு

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் சர்வர் அறைதான் எனக்குச் சோறு போடுகிறது. வீடு வேலந்தாவளம் பக்கம், நடந்தே தமிழ்நாட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். போன ஜூனில், மழையும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சேர்ந்து ஆடிய ஒரு ராத்திரி, வீட்டிலிருந்தே புது எல்பார் ஒன்று உருவாக்க வேண்டியதாயிற்று. மறுநாள் காலை டேட்டாபேஸ் ஆள் வந்து உட்காரும்போது தயாராக இருக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மெஷின் ஐபிஎம் பவர் 740, 2010-ல் வந்த பவர்7 வகை. ஒரே பெட்டியைத் தடுப்பு வைத்துப் பல சர்வர்களாகப் பிரிப்பதுதான் எல்பார். பிரிக்கிற வேலையை ஹெச்எம்சி என்ற தனிக் கன்சோல் பார்க்கிறது. திரையில் பட்டன் அழுத்தியும் செய்யலாம். ஆனால் வீட்டு இணைய வேகத்தில் அந்தத் திரை திறப்பதற்குள் கோழி கூவிவிடும். அதனால் தூரத்திலிருந்தே கமாண்ட் அடிக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வழிதான். ஹெச்எம்சியில் 'ரிமோட் கமாண்ட் எக்ஸிக்யூஷன்' என்ற அனுமதியைப் போட்டு வைத்தால்தான் அந்த வழி திறக்கும். அதை ஆபீசில் இருக்கும்போதே போட்டு வைத்திருந்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

முதலில் எல்எஸ்ஹெச்டபிள்யூரெஸ் என்ற கமாண்டை அடித்து மெமரி பார்த்தேன். மொத்தம் 256 ஜிபி, காலி 34816 எம்பி, அதாவது 34 ஜிபி. எனக்கு வேண்டியது 32. தாராளம் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்பாரை உருவாக்கும் கமாண்ட் எம்கேசிஸ்சிஎஃப்ஜி. பெயர், புரொஃபைல் (எல்பாரின் அமைப்புக் குறிப்பு), மெமரி, பிராசசர், விர்ச்சுவல் அடாப்டர் எல்லாவற்றையும் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் கோக்க வேண்டும். அடாப்டர் விவரத்துக்குள்ளேயே காற்புள்ளி வந்தால் அதற்குத் தனி மேற்கோள். எஸ்எஸ்ஹெச் வழியாக ஒரே வரியில் அனுப்பினால் கமாண்டை முதலில் படிக்கிற நம் லேப்டாப்பின் ஷெல்லே பாதி மேற்கோளைத் தின்றுவிடும். நாலு தடவை திட்டு வாங்கிய பிறகு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் எழுதி, ஃபைல் அனுப்பும் எஸ்சிபி-யில் ஹெச்எம்சிக்கு ஏற்றி, ஹைஃபன் எஃப் போட்டு அந்த ஃபைலைக் காட்டினேன். மேற்கோள் தொல்லை பாதி குறைந்தது. முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம்.

மெமரிக்கு மூன்று எண் கேட்கும். மினிமம் கிடைக்காவிட்டால் எல்பார் எழும்பவே எழும்பாது. டிசையர்ட் நாம் விரும்புவது, அது முழுசாக இல்லாவிட்டால் மினிமத்துக்குக் குறையாமல் இருப்பதைக் கொடுக்கும். மேக்ஸிமம், ஓடிக்கொண்டிருக்கும்போது ஏற்றக்கூடிய உச்சம். ஜிபி என்று நினைத்து 32 என்று போட்டேன். எம்பியில் கேட்கிறது, அதுவும் 256-ன் மடங்காக இருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. எங்கள் மெஷினில் மெமரிக் கட்டி ஒன்று 256 எம்பி. சரி, மினிமம் 32768, டிசையர்ட் 32768. மேக்ஸிமம்? பின்னால் வேண்டியிருக்கும், போட்டு வைப்போம் என்று மெஷினில் உள்ள மொத்தத்தையும் போட்டேன்: 262144.

உருவாகிவிட்டது. ஸ்டார்ட் பண்ணினால், மெமரி போதவில்லை என்கிறது. காலி எவ்வளவு? 34816. கேட்டது? 32768. மறுபடி அடித்தேன், மறுபடி அதே பதில். மேனேஜர் போனில், "எந்தாயி?" "மெமரி இல்லைன்னு சொல்லுது சார்." "34 உண்டல்லோ!" இருக்கிறதுதான்.

கோயமுத்தூரில் இருக்கிற பழைய சீனியர் அண்ணனை எழுப்பினேன். "ஏனப்பா, மேக்ஸ் எவ்வளவு போட்ட?"

"256ங்ணா."

"நெனச்சேன். இருநூறு பேர் வர்ற விருந்துக்கு ஆயிரம் பேருக்கு எலைக்கட்டு எறக்குனா, பந்தி போட எடம் எங்கிருக்கும்?"

விஷயம் இதுதான். பெட்டியைப் பங்கு போட்டு நடத்துகிற அடித்தள மென்பொருள் ஹைப்பர்வைசர். ஒவ்வொரு எல்பாருக்கும் அது ஒரு பேஜ் டேபிள், அதாவது மெமரியில் எது எங்கே என்ற அட்டவணை, ஒதுக்குகிறது. அதன் அளவு நாம் இப்போது கேட்கிற மெமரியைப் பொறுத்தது இல்லை, மேக்ஸிமத்தைப் பொறுத்தது. இந்தத் தலைமுறை மெஷினில் அறுபத்து நாலில் ஒரு பங்கு. 256 ஜிபிக்கு 4 ஜிபி டேபிளுக்கே போய்விட்டது. மீதி 30. நானோ மினிமத்தையும் 32 என்று பூட்டி வைத்திருந்தேன், இறங்கி வரக்கூட வழியில்லை.

மேக்ஸிமத்தை 65536 ஆக்கினேன், டேபிள் 1024 எம்பியாகச் சுருங்கியது. மினிமம் 8192. ஒன்று கவனிக்க வேண்டும்: புரொஃபைலில் மாற்றினால் மட்டும் போதாது. ஏற்கெனவே ஓடுகிற எல்பாராக இருந்தால் உள்ளே ரீபூட் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை. முழுசாக அணைத்து, புரொஃபைல் பெயரைச் சொல்லி ஹெச்எம்சியிலிருந்து எழுப்ப வேண்டும். என்னுடையது எழும்பவே இல்லை என்பதால் அந்த அலைச்சல் மிச்சம்.

எழும்பியது. எல்பாரின் கன்சோல் பார்க்க எம்கேவிடெர்ம் அடித்து, ஏஐஎக்ஸ் என்ற ஐபிஎம் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கும்போது, காற்றில் பிராட்பேண்ட் போனது. மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினேன், அது கேரள டவருக்கும் தமிழ்நாட்டு டவருக்கும் நடுவில் ஊஞ்சலாடியது. திரும்ப உள்ளே போனால், கன்சோல் ஏற்கெனவே திறந்திருக்கிறது, ஒன்றுக்கு மேல் அனுமதி இல்லை என்கிறது. திறந்து வைத்தவன் நான்தான். ஆர்எம்விடெர்ம் அடித்து என்னையே வெளியே தள்ளிவிட்டு மறுபடி நுழைந்தேன். நல்ல வேளை, இன்ஸ்டால் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கன்சோலை முறையாக மூட டில்டே (~), புள்ளி அடிக்க வேண்டும். அது எஸ்எஸ்ஹெச்சுக்கும் வெளியேறும் சாவி, எஸ்எஸ்ஹெச் முந்திக்கொண்டு மொத்த இணைப்பையும் வெட்டிவிடும். டில்டேயை இரண்டு முறை அடித்துப் புள்ளி வைத்தால்தான் சேதி உள்ளே போய்ச் சேரும். "மணி ரெண்டாச்சு கண்ணு" என்று அம்மா வந்து நின்றபோதுதான் அதைக் கண்டுபிடித்திருந்தேன்.

காலையில் டேட்டாபேஸ் ஆள் உட்கார்ந்து அரை மணி நேரத்தில், "இன்னும் ஒரு 4 ஜிபி?" என்றார். காலி 1024 எம்பி. இருப்பதில் கொஞ்சம் ஏற்றலாம் என்று பார்த்தால் அதுவும் ஏறவில்லை. ஓடுகிற எல்பாருக்கு மெமரி ஏற்ற, ஹெச்எம்சியும் எல்பாரும் ஆர்எம்சி என்ற தொடர்பு வழியில் பேசிக்கொள்ள வேண்டும். அதற்கு 657-ம் போர்ட், டிசிபி, யுடிபி இரண்டிலும். புது எல்பாரை வேறு விலானில் (பிரித்து வைத்த நெட்வொர்க்கில்) வைத்திருந்ததால் நடுவில் எங்கள் ஃபயர்வால். நெட்வொர்க் பையன் வந்து திறந்துவிட்டதும், சற்று நேரத்தில் ஆர்எம்சி ஆக்டிவ் ஆனது.

768 எம்பி ஏற்றினேன். ஒரு கட்டியைக் கையிருப்பாக வைத்துக்கொண்டேன். ஏற்றியது தானாகப் புரொஃபைலில் பதியாது, அணைத்து எழுப்பினால் பழைய 32-க்கே போய்விடும். அதனால் இப்போதிருக்கும் நிலையை அதே புரொஃபைல் பெயரில் சேமித்தேன். "நாலு கேட்டதுக்கு முக்காலா?" என்றார் அவர். லாக்-இன் பண்ணிப் பாருங்கள் சார் என்று சொல்லிவிட்டு கேன்டீனுக்கு நடந்தேன்.