போர்ட்டபெல்லோ ரோட்டில் ஒரு பழைய செஸ் செட்

650 பவுண்ட். நம்ம காசில் 70,000 ரூபாயைத் தாண்டும். லண்டன் போர்ட்டபெல்லோ ரோட்டில் ஒரு பழம்பொருள் கடைக்காரர் கூச்சமே இல்லாமல் சொன்ன விலை, அதுவும் அசல் ஜாக்ஸ் செட் என்று அடித்துச் சொல்லி. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இன்றைக்குப் போட்டிகளில் வைக்கிறார்களே ஸ்டாண்டன் காய்கள், அவற்றை 1849-இல் முதலில் செய்து விற்றது ஜாக்ஸ் ஆஃப் லண்டன். டிசைனைப் பதிவு செய்தவர் நத்தானியேல் குக், பெயர் மட்டும் ஆட்டக்காரர் ஹோவர்ட் ஸ்டாண்டனுடையது. வெள்ளைக்கு பாக்ஸ்வுட், கறுப்புக்குக் கருங்காலி (நம்மூரில் ஆளாளுக்குக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறார்களே, அதே பெயர்தான்), கனத்துக்கு அடியில் ஈயம். ராஜா பக்கத்து யானையிலும் குதிரையிலும் பொடியாக ஒரு கிரீட முத்திரை இருக்கும், ஏனென்றால் அந்தக் காலத்தில் ஆட்டத்தை எழுதும்போது ராஜாவின் யானை, ராணியின் யானை என்று பிரித்துத்தான் எழுதுவார்கள்.

இந்தக் கடைக்காரர் செட்டில் கிரீடத்தைக் காணோம். சரி, தேய்ந்திருக்கும் என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் கறுப்புக் குதிரைகளில் ஒன்றுக்குப் பல் பல்லாகச் செதுக்கியிருக்கிறது, இன்னொன்றுக்கு வாய் என்பது வெறும் கோடு, கையில் எடுத்தால் தக்கை மாதிரி இருக்கிறது. கேட்டால் "பழசு அப்படித்தான்" என்கிறார்!

காய் வாங்கும் ஆசை இருந்தால் முதலில் பிரிட்டிஷ் மியூசியம் போய்விடுங்கள், அனுமதி இலவசம், லண்டனில் என் பர்ஸ் நிம்மதியாக இருந்த ஒரே இடம். கிரேக்கத்தின் பார்த்தெனான் கோயில் சிற்பங்களில் நிலா தேவதை செலீனியின் தேர்க்குதிரைத் தலை ஒன்று இருக்கிறது. பிதுங்கிய கண், விரிந்த மூக்கு, விளிம்புக்கு வெளியே தொங்கும் தாடை. ஸ்டாண்டன் குதிரைக்கு இதுதான் மாதிரி என்பார்கள். அப்பா, என்ன வேலைப்பாடு! ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831-இல் கிடைத்த வால்ரஸ் தந்தக் காய்களில் பெரும்பாலானவையும் அங்கேதான், அதில் கேடயத்தைப் பல்லால் கடிக்கிற வீரனைத் தவறவிடாதீர்கள்.

கடைசியில் அதே போர்ட்டபெல்லோ ரோட்டில் வேறொரு மேசையில், ஸ்டாண்டனுக்கு முந்தைய செயின்ட் ஜார்ஜ் பாணியில், வட்டு வட்டாக அடுக்கினாற்போல் கடைந்த ஒரு மர செட். ஒரு சிப்பாய் மட்டும் வேறு மரம். அதைக் காட்டியே பேரம் பேசி 45-ஐ 35 ஆக்கினேன். மதியச் சாப்பாடு நின்றபடியே ஒரு ஃபலாபெல் சுருள், சுமார்தான்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமைதான் முழுச் சந்தை. நாட்டிங் ஹில் கேட் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். காலையிலேயே போய்விடுங்கள், அப்புறம் செல்ஃபிக் கூட்டத்தில் மேசையை நெருங்கவே முடியாது.