எழுத்துப் பிழை இல்லாத நோய்: பிஎம்பி22 இரட்டிப்பை எண்ணிப் பார்க்கும் விதம்

பாதம் குழிந்து, கெண்டைக்கால் மெலிந்து, நரம்புக் கடத்தல் வேகமும் குறைந்திருந்தால் சார்கோ-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோயைச் சந்தேகிப்பார்கள். அப்போது மரபணு எழுத்துகளை வாசிக்கும் பரிசோதனையில் தொடங்காதீர்கள். இந்நோயின் 1ஏ வகையில் எழுத்துப் பிழையே இருக்காது. 17-வது குரோமோசோமில் பிஎம்பி22 மரபணு அடங்கிய, சுமார் 14 லட்சம் எழுத்து நீளத் துண்டு ஒன்று கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். பத்திர நகலில் ஐந்தாம் பக்கத்தை இரண்டு தடவை வைத்துத் தைத்துவிட்டால், வரிவரியாக ஒப்பிடுபவருக்கு எதுவும் அகப்படாது. பக்கத்தை எண்ணினால்தான் தெரியும்.

எண்ணுவதற்கு, டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடங்கள் எத்தனை பிரதி இருக்கின்றன என்று அளக்கும் எம்எல்பிஏ பரிசோதனை போதும். ரத்தத்தை, அது உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ உள்ள குழாயில் எடுக்க வேண்டும். இன்னொரு உறைதடுப்பானான ஹெப்பாரின், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரைக் கெடுக்கும். 5 மைக்ரோலிட்டரில் 50 முதல் 250 நானோகிராம் டிஎன்ஏ. 98 டிகிரியில் 5 நிமிடம் வைத்து இழைகளைப் பிரித்து, ப்ரோப் (குறிப்பிட்ட இடத்தில் போய் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) சேர்த்து, 60 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம் விட வேண்டும். பிறகு 54 டிகிரியில் 15 நிமிடம், ஒட்டிய ப்ரோப் பாதிகளை இணைக்கும் லைகேஸ் நொதி, அடுத்து 35 சுற்று பிசிஆர்.

பெரும்பாலும் கோட்டைவிடுவது அந்த ராத்திரியில்தான். குழாயில் இருப்பதே 8 மைக்ரோலிட்டர். மூடி சரியாக அமராவிட்டால் காலையில் அடியில் ஈரம்கூட மிஞ்சாது. டிஎன்ஏவில் உப்பு தங்கியிருந்தால் இழைகள் முழுசாகப் பிரியாமல், இல்லாத இழப்பு இருப்பதுபோல் தெரியும். ஒப்பிடுவதற்கு, நோயில்லாதவர்களின் கன்ட்ரோல் மாதிரிகள் குறைந்தது மூன்று வேண்டும். நோயாளியின் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்த அதே முறையில் எடுத்தவையாக இருக்க வேண்டும். இதில் சமரசம் செய்தால் கணக்கே நிற்காது.

நோயாளியின் அளவை கன்ட்ரோலின் அளவால் வகுத்தால் வரும் ரேஷியோ 1 என்றால் இரண்டு பிரதி. 1.5-ஐ ஒட்டி வந்தால் மூன்று, அதாவது இரட்டிப்பு. 0.5 என்றால் ஒன்றுதான். அது அழுத்தம் பட்டால் நரம்பு மரத்துப்போகும் வேறொரு நோய். இரண்டும் ஒரே தடுமாற்றத்தின் இரு பக்கங்கள். துண்டின் இரு முனையிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும் 24,000 எழுத்துப் பகுதிகள், இனச்செல் உருவாகும்போது இடம் மாறி இணைகின்றன. ஒன்றில் துண்டு கூடுகிறது, மற்றதில் குறைகிறது.

அடுத்தடுத்த ப்ரோப்கள் எல்லாம் சேர்ந்து உயர்ந்தால் மட்டுமே இரட்டிப்பு என்று எழுதுங்கள். ஒன்று மட்டும் தனியாக நின்றால் புதிதாக டிஎன்ஏ எடுத்து மறுபடி ஓட்டுங்கள். கையில் ஏற்கெனவே ‘நார்மல்’ ரிப்போர்ட் இருந்தால், பிரதி எண்ணிக்கை பார்த்தார்களா என்று ஆய்வகத்தில் கேளுங்கள்.