ரசமட்டம்: நவம்பர் குறிப்புகள்

நவம்பர் 11, டெல்லி
விடியற்காலை 4.10க்கு போன். மாமா போய்விட்டார்.

நவம்பர் 11, இரவு
மூன்று மணிக்கே எடுத்துவிட்டார்கள். அம்மா இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோ காலில் வலது கண்ணால் மட்டும் பார்த்தாள். அழுவதால் ஆபரேஷன் செய்த கண்ணுக்கு ஒன்றும் ஆகாது, கசக்கினால்தான் ஆபத்து. கண்ணீர் கன்னத்துக்கு இறங்கின பிறகு, இமையைத் தொடாமல், டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும். தம்பியைப் பறிகொடுத்தவளிடம் இதையா சொல்வது? சொன்னேன். நாலு தடவை சொன்னேன்.

நவம்பர் 12
ஊரிலிருந்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஃப்ளைட்ல கூட்டிட்டு வந்தா என்ன?"

எல்லோருக்கும் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன். விழித்திரை ஆபரேஷன் முடிந்ததும் கண்ணுக்குள் சி3எஃப்8 வாயு நிரப்பியிருக்கிறார்கள். அது தானாகக் கரைய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், இது ஐந்தாவது வாரம். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 2,000 மீட்டருக்கு மேலே மலையில் இருப்பதற்குச் சமம். தரையில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. வாயு விரியும். விரிய கண்ணுக்குள் இடம் கிடையாது. கண் அழுத்தம் ஏறி, விழித்திரைக்கு ரத்தம் போவது நின்று, பார்வையே போய்விடலாம். மணிக்கட்டில் பட்டை கட்டி அனுப்பியதும் இதற்காகத்தான். அவசரமாக எங்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் நைட்ரஸ் ஆக்ஸைடு கொடுத்துவிடக் கூடாது, அதுவும் கண்ணுக்குள் இருக்கும் வாயுக் குமிழியைப் பெரிதாக்கிவிடும்.

நவம்பர் 13
10ஆம் தேதி இரவு 8.40. மாமாவின் மிஸ்டு கால். அப்போதுதான் சொட்டு விட்டிருந்தேன். "கண்ணைத் திறக்காதேம்மா, காலையில பேசிக்கலாம்" என்றேன்.

நவம்பர் 15
கும்பகோணத்துக்குக் காரில் போகும் வழியை வரைபடத்தில் பார்க்கும்போது தூரத்தை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் பார்க்கிறேன். டெல்லி சுமார் 215 மீட்டர். ஜான்சி 285. சிவனி 610. நாக்பூர் 310. ஐதராபாத் 540. பெங்களூர் 920. பெங்களூர் வழியாகப் போனால் ஓசூர், சேலம் என்று நேரே இறங்கிவிடலாம், ஆனால் வாயு ஒன்பது சதவீதம் போல விரியும். சிவனியில் ஐந்து சதவீதம்தான். ஆகவே பெங்களூர் வேண்டாம். ஐதராபாத்திலிருந்து விஜயவாடா, பிறகு கடலோரமாக நெல்லூர், சென்னை, கும்பகோணம்.

ரயில் ஏன் இல்லை? வலி வந்தால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, திரும்பிக் கீழே இறங்கவும் முடியாது.

இறந்த நாளையும் சேர்த்து எண்ணினால் பதினாறாம் நாள் 26. மூன்று தரம் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

நவம்பர் 18
கண் அழுத்தம் 16. இருபத்தொன்று வரை கவலை இல்லை. குமிழி மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கிறது. டாக்டர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, மெதுவாக ஏறுவதாக இருந்தால் சரி என்றார். ஏற்றத்துக்கு முன்னால் போட, கண் அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை, அசிட்டசோலமைடு 250 எழுதிக் கொடுத்தார். சல்ஃபா ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார். விரல் நுனி மரத்து ஊசி குத்துகிற மாதிரி இருக்குமாம், அடிக்கடி சிறுநீர் வருமாம். நடு ராத்திரியானாலும் கண் வலி, தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் இதில் ஒன்று வந்தாலும் பக்கத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

நவம்பர் 19, ஜான்சி
மயூர் விகாரிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பினோம். யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் புகைமூட்டம், அறுபதுக்கு மேல் போகவில்லை. சம்பல் பாலத்தில் வெயில் வந்துவிட்டது.

முன் சீட்டை நிமிர்த்தியே வைத்திருக்கிறேன். சாய்த்துவிட்டால் மல்லாந்து படுத்ததாகிவிடும், குமிழி முன்பக்கம் வந்து லென்ஸில் முட்டும். அம்மா தூங்கி விழுந்தபோதெல்லாம் எழுப்ப வேண்டியிருந்தது. ஆறு நாளாகத் தூங்காதவளை.

நவம்பர் 20, நாக்பூர்
சாகருக்கு முன்னால் மாத்திரை. அங்கிருந்து மணிக்கு ஒரு தரம் கால் மணி நேரம் நிறுத்தம். "வலிக்குதா?" "இல்லடா." "மங்கலா இருக்கா?" "இல்லடா."

ஜான்சியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காமல் ஏசி காற்றில் வைத்திருந்தேன். உயரம் ஏற ஏற அது உப்புவதைப் பார்த்தால் கண்ணுக்குள் வாயு விரிவதும் தெரியும். வெயிலில் வைத்தால் சூட்டிலேயே உப்பிவிடும், கணக்கு தப்பும். நர்மதையைத் தாண்டும்போது தளர்ச்சியாகத்தான் இருந்தது. லக்னாதோனில் ஓரங்கள் விறைத்தன. சிவனியில் விரலால் சுண்டினால் டப்பென்று சத்தம் கேட்டது. அதைக் கேட்டபோது வயிற்றைக் கலக்கியது. சிவனியில் சாப்பிடக்கூட நிற்கவில்லை. பெஞ்ச் புலிகள் காப்பகக் காட்டில், கீழே விலங்குகள் போவதற்காகத் தூண் மேல் போட்டிருக்கும் சாலையில் இறங்க இறங்க அம்மா பேச ஆரம்பித்தாள்.

"கண்ணுக்குள்ள ஒரு கோடு ஆடிட்டே இருக்குடா. வண்டி சாஞ்சா அதுவும் சாயுது. சின்னவன் வச்சிருப்பானே ரசமட்டம், அச்சு அசல் அது மாதிரி."

சின்னவன் என்றால் மாமா. ரசமட்டம், அவர் மட்டம் பார்க்க வைத்திருந்த குமிழிக் குழாய். கோடு கீழே தெரிகிறது என்றால் குமிழி மேலே இருக்கிறது. கண் எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் வாங்குகிறது. அம்மாவுக்கு அது தெரிய வேண்டியதில்லை.

நாக்பூரில் பாக்கெட் மறுபடி தொளதொளவென்று ஆகிவிட்டது.

நவம்பர் 21
ஓய்வு. அம்மா நாள் முழுக்கப் பேசவில்லை.

நவம்பர் 22, ஐதராபாத் வெளிவட்டச் சாலை
காலையில் வண்டி சூடேறும் முன்னால் டயர் பார்த்தேன், 33. மத்தியானம் 37. சூட்டில் ஏறுவதுதான், காற்றைப் பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் மறுநாள் காலை குறைவாக நிற்கும். கோதாவரிப் பாலத்தில் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். பாலத்தில் நிறுத்த முடியாது. தாண்டி நிறுத்தினேன். இறங்கவில்லை. அங்கிருந்தே கும்பிட்டாள்.

8.40. அந்தப் போனை எடுத்திருந்தால் என்ன பேசியிருப்பார்?

சொட்டு விடும் முறை, அத்தை வீட்டில் வேறு யாராவது விட வேண்டி வந்தால்: கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிரட்னிசோலோன் புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும், மருந்து அடியில் தங்கிவிடும். கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. புட்டி முனை எதிலும் படக்கூடாது. கண்ணை மூடி, மூக்கோரத்து முனையை இரண்டு நிமிடம் லேசாக அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். ஐந்து நிமிடம் கழித்து டிமோலால். இதற்கு அந்த அழுத்தல் ரொம்ப முக்கியம், உடம்பில் கலந்தால் நாடித் துடிப்பைக் குறைக்கும், மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது.

ஐந்து நிமிடம். அவ்வளவுதான் காத்திருக்க வேண்டியிருந்தது.

நவம்பர் 23, நெல்லூர்
ஓங்கோலிலிருந்து மழை. உயரம் இனிக் கவலை இல்லை. பாக்கெட்டைப் பிரித்தோம். அம்மா இரண்டு எடுத்துக்கொண்டாள்.

நவம்பர் 24, சேத்தியாத்தோப்பு
பண்ருட்டியிலிருந்து மழையில் நாற்பதுக்கு மேல் போக முடியவில்லை. டீக்கடை ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். இன்னும் ஆணைக்கரைப் பாலம் இருக்கிறது.

"அவன் சாமானெல்லாம் எங்கடா இருக்கும்? கரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டம்."

அத்தைக்கு போன் போட்டேன். கொல்லைத் தாழ்வாரத்தில் சாக்குப் பைக்குள் இருக்கிறதாம், யாரும் தொடவில்லையாம். போனை அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். மணி 8.35. சொட்டு அப்புறம் விட்டுக்கொள்ளலாம்.