பட்டுப்புடவையும் பக்கவாட்டு மழையும்

குடையை மூன்று முறை பெட்டியில் வைத்துவிட்டேன், மூன்று முறையும் எடுத்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை நானும் கணவரும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் புறப்படுகிறோம். மகளின் பட்டமளிப்பு விழா. அது முடிந்ததும் ஸ்கை தீவில் மூன்று நாள். "அம்மா, எதை மறந்தாலும் பரவாயில்லை, குடையை மட்டும் எடுத்து வராதே" என்று அவள் சொன்னபோது சிரிப்புத்தான் வந்தது. சிங்கப்பூர் ஈசூனில் முப்பது வருடமாக மழையோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு மழைப் பாடமா?

எண்களும் என் பக்கம்தான் பேசின. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கிளாஸ்கோவில் ஏறத்தாழ அதில் பாதி. ஆனால் நம் மழை பண்பட்ட மழை. மேலிருந்து நேராக விழும், முக்கால் மணி நேரம் கொட்டும், போய்விடும். புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரை கூரை போட்ட நடைபாதை வேறு. காற்று என்றால் விடியற்காலையில் வரும் சுமத்ரா சூறைக்காற்று. மூங்கில் கழியில் காயும் துணியை உள்ளே இழுப்பதற்குள் பாதியை நனைத்துவிட்டு, சிறிது நேரத்தில் அதுவும் ஓய்ந்துவிடும்.

அங்கே அப்படியில்லையாம். தூறல் போன்ற மழை நாள் முழுவதும் பெய்யும், அதுவும் பக்கவாட்டில். காற்றின் வலிமையைக் குறிக்க பியூஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி 1805இல் வகுத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. பின்னாளில் நிலத்தில் இருப்பவர்களுக்காக அதற்கு எழுதிய விளக்கத்தில், ஆறாம் எண்ணுக்கு நேரே ஓர் அடையாளம் போட்டிருக்கிறார்கள்: குடையைப் பிடிப்பது கடினம். அதாவது மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர். குளிர்காலத்து ஸ்கை தீவில் ஆறாம் எண்ணைக் கண்டு யாரும் வியக்க மாட்டார்கள். குடை தோற்கும் இடத்தை அளவுகோலிலேயே எழுதி வைத்திருக்கும்போது நான் என்ன வாதாடுவது? கடைசி முறையாக எடுத்து, கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டேன்.

பெட்டி இருந்தது பாம் ஷெல்டரில். போருக்காகக் கட்டிய அறை, எங்கள் வீட்டில் பெட்டி, தீபாவளிப் பலகாரத் தட்டுகள், உடைந்த மின்விசிறி ஆகியவற்றைக் காத்து வருகிறது. 2018இல் கொரியாவுக்குப் போட்டுச் சென்ற என் மழை ஜாக்கெட்டும் தடித்த பூட்ஸும் அங்கேதான் இருந்தன. ஜாக்கெட்டை உதறினேன். உட்புறம் வெயிலில் காய்ந்த தோல்போல வெள்ளைச் செதில்களாக உரிந்து, புடவையெல்லாம் ஒட்டிக்கொண்டது. உரியாத இடங்கள் பிசுபிசுத்தன. பூட்ஸைக் கையில் எடுத்ததும் அடிப்பாகம் ஊறின அதிரசம்போலப் பொடிந்து தரையில் விழுந்தது. எட்டு நாள்கூடப் போட்டிருக்க மாட்டேன். இரண்டிலும் இருப்பது பாலியூரித்தேன் என்ற ஒருவகை பிளாஸ்டிக். போட்டாலும் போடாவிட்டாலும் காற்றிலுள்ள ஈரமே அதைச் சிதைத்துவிடும். நம் ஊர் ஈரத்துக்குச் சொல்லவா வேண்டும். வெளிநாட்டில் மலையேறும்போது அடிப்பாகம் பிரியாமல் இங்கேயே பிரிந்ததே என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

ஒரு வேடிக்கை. நீர் புகாத துணிக்கு 1823இல் காப்புரிமை வாங்கிய சார்லஸ் மெக்கின்டாஷ் இதே கிளாஸ்கோக்காரர்தான். இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசினார். அந்தக் கால மேலங்கிகளும் வெப்பம் கண்டால் பிசுபிசுத்தனவாம். என் தாத்தா மலேசியாவின் ஜொகூரில், கூலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மழை பெய்தால் பட்டை நனைந்து பால் வழிந்தோடிவிடும், அன்று வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. ரப்பரை ஊருக்கெல்லாம் கொடுத்த மனிதர், மழைக்குத் தலையில் கோணிச் சாக்கைத்தான் போட்டுக்கொண்டார்.

புது ஜாக்கெட் 189 வெள்ளி. கடைப்பையன் நல்லவன், வாங்கும் முன் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னான். தையல் ஓடும் இடமெல்லாம் பட்டை ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசித் துளை வழியே நீர் இறங்குமாம். சீட்டில் 10,000 மில்லிமீட்டர் என்று இருந்தது. பத்து மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தை அந்தத் துணி தாங்கும் என்று பொருள். தலைமூடியை முகத்தோடு இறுக்கும் கயிறும் இருந்தது. கணவர் மூன்று ஜீன்ஸ் எடுத்து வைத்திருந்தார். ஒன்றை வாளியில் நனைத்துக் கொடியில் போட்டேன். மறுநாள் மாலையிலும் இடுப்புப் பட்டி ஈரமாகவே இருந்தது. பேசாமல் இரண்டை அலமாரிக்குத் திருப்பினார்.

எனக்குப் பெரிய கவலை பட்டுப்புடவைதான். அரக்கு நிறக் காஞ்சிபுரம், என் திருமணத்துக்கு அம்மா எடுத்தது. மகள் அங்கி அணிந்து மேடையேறும்போது நான் ஜாக்கெட்டில் உட்காருவதா? முடியாது. ஆனால் காற்றடிக்கும் ஊரில் ஆறு கஜம் என்பது பாய்மரம். பட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் வட்டக் கறை நிற்கும். அதனால் வரவேற்பறையில் நிற்கும் மின்விசிறியை உச்ச வேகத்தில் வைத்து ஒத்திகை பார்த்தேன். பாவாடைக்கு உள்ளே கம்பளி உள்ளாடை, கரையைத் தரையிலிருந்து நாலு விரற்கடை தூக்கி, அதற்கடியில் புது பூட்ஸ். கொசுவத்துக்கு ஐந்து ஊக்கு, தோளில் நாலு, முந்தானையை இடுப்பில் செருகி இன்னும் மூன்று. "சலங்கை கட்டாத குறைதான்" என்றார் அத்தை. பன்னிரண்டு ஊக்குகளையும் மிட்டாய் டப்பாவில் போட்டு, பழைய வேட்டியில் சுற்றிய புடவையோடு நெகிழிப் பைக்குள் வைத்தாயிற்று.

அத்தைக்கு வேறு வருத்தம். பேத்திக்காக உருக்கிய நெய்யைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். இங்கிருந்து பால் பொருள்களையும் இறைச்சியையும் பிரிட்டனுக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. "நெய் என்ன வெடிமருந்தா?" என்று கேட்டார். பருப்புப் பொடிக்குத் தடையில்லை, அது இரண்டு டப்பா போகிறது. மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதால் ஒரு கைவிளக்கு. செருகி மட்டும் மாற்ற வேண்டாம், அங்கேயும் நம்முடைய அதே மூன்று முனைதான்.

நேற்றிரவு ஜாக்கெட்டைப் பூட்டிக்கொண்டு குளியலறையில் நின்றேன். கணவர் நீர்க்குழாயைப் பக்கவாட்டில் பிடித்து, கொஞ்சம் அதிக ஆர்வத்தோடே பீய்ச்சினார். பத்து நிமிடம். கழற்றியபோது முதுகு முழுக்க ஈரம், என் வியர்வை. தோள், தையல், தலைமூடி எல்லாம் காய்ந்திருந்தன. இடது பையின் ஜிப்பில் மட்டும் ஒரு தேக்கரண்டி தண்ணீர் நின்றது. பாஸ்போர்ட் வலது பையில்.